கெட்டவுட் மேடமும் ஜி.ஓ. மார்க்கும்

இந்தியாவிலேயே அதிகம் பேரை வகுப்பைவிட்டு வெளியே அனுப்பியவர் யார் என்று யாராவது போட்டி வைத்தால், எங்கள் கெட்டவுட் மேடம் நேரில் போய்க் கலந்துகொள்ளத் தேவையில்லை. கோப்பையை நேராக வீட்டுக்கே அனுப்பிவிடலாம். கொண்டுவருகிறவர் சரியான நேரத்துக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் தாமதமானால் அவரையும் வெளியே நிற்க வைத்துவிடுவார்.

பெங்களூரில் பொம்மசந்திராவைத் தாண்டி, ஹோசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரி. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ரோடு முழுக்கப் பள்ளம் தோண்டி மேம்பாலத்துக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்த காலம். நான் வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து போய் அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்திருந்தேன். மேடம் கணக்கு. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதாக நினைவில்லை. மாணவர்கள், பஸ் டிரைவர், கேன்டீன்காரர் எல்லோருக்கும் அவர் கெட்டவுட் மேடம். அது அவருக்கும் தெரியும். ஆட்சேபம் ஒன்றும் இல்லை.

பெங்களூர் நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவர். குள்ளமான உருவம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, அதற்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ. குரலை மட்டும் ஆண்டவன் வேறு யாருக்கோ செய்துவைத்து, அவசரத்தில் இவருக்குப் பொருத்திவிட்டான் என்று நினைக்கிறேன். இரண்டாவது மாடியில் அவர் அதட்டினால் கீழே சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் எழுந்து நிற்பார்.

வெளியே அனுப்புவதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. தாமதமாக வந்தவனுக்கு ஆங்கிலத்தில் 'கெட் அவுட்'. போன் அடித்தால் கன்னடத்தில் 'ஆச்செ ஹோகு'. பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதினால் தமிழில் 'வெளிய போடா'. எதிர்த்துப் பேசினால் உருதுவில் 'நிக்லோ'. நான்கும் ஒரே மூச்சில் வந்தால் அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று பொருள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அப்போது மீசை சரியாக முளைக்காத முகம், என் வகுப்பைத் தேடிக்கொண்டு தவறுதலாக அவர் வகுப்புக்குள் நுழைந்துவிட்டேன். வாயைத் திறப்பதற்குள் கெட் அவுட். போய் வராந்தாவில் நின்றேன். ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்த மூன்று பையன்கள் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். மணி அடித்ததும் வெளியே வந்த மேடம், நான் புதிய லெக்சரர் என்று தெரிந்தபிறகும் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஒழுங்காக நின்றேன் என்று பாராட்டினார். அன்றிலிருந்து அவருக்கு என் பெயர் 'இங்கிலீஷு'.

இன்னொரு முறை கல்லூரியைச் சோதிக்க வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். பாடம் நடத்தும் முறையைப் பார்க்க மேடத்தின் வகுப்புக்குள் பாதியில் நுழைந்தார். மேடம் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தவர், காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டு, திரும்பாமலேயே வேலையை முடித்தார். அந்தப் பெரியவர் மணி அடிக்கும்வரை வெளியே நின்றார். அறிக்கையில் 'ஒழுக்கம் மிகச் சிறப்பு' என்று எழுதிவிட்டுப் போனதாகக் கேள்வி.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த கல்லூரிக்குள் ஒரு நாள் கம்ப்யூட்டர் மார்க் புகுந்தது.

இனிமேல் இன்டர்னல் மார்க் எதையும் காகிதத்தில் எழுதக்கூடாது, எல்லாம் ஆன்லைன் கிரேடுபுக்கில்தான் என்று நிர்வாகம் அறிவித்தது. ஸ்டாஃப் ரூமில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். அதற்கென்று கோஆர்டினேட்டர் ஒருவரையும் போட்டார்கள். எப்போதும் கழுத்தில் அடையாள அட்டையோடு அலையும் இளைஞர். தூங்கும்போதாவது அதைக் கழற்றுவாரா என்பது எங்களிடையே தீராத விவாதம். எங்களை லேபில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். வரிசைக்கு ஒரு மாணவன், பத்திக்கு ஒரு டெஸ்ட், கடைசியில் மொத்தத்தைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். எத்தனை பத்தி வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு பெட்டி இருக்கிறது. மாணவன் தன் வீட்டிலிருந்தோ பிரவுசிங் சென்டரிலிருந்தோ தன் மார்க்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

மேடம் கடைசி வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பத்தி சேர்க்கலாம் என்பதும், பெட்டி இருக்கிறது என்பதும் அவர் காதில் விழுந்தன. மாணவன் பார்க்கலாம் என்பது விழவில்லை.

முதல் டெஸ்ட் முடிந்து மார்க் போட உட்கார்ந்தார். பாஸ்வேர்டை அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொல்லித்தான் அடிப்பார். அந்த மாடி முழுக்க அவருடைய பாஸ்வேர்டு தெரியும். யாருக்கும் அதைப் பயன்படுத்தத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான். மார்க் போட்டபிறகு, பெட்டி தன் ஞாபகத்துக்காகக் கொடுத்தது என்று நினைத்து, அதில் மனதில் பட்டதையெல்லாம் ஆங்கிலத்தில் தட்டினார். ஒருவனுக்கு, 'மையில் விழுந்த பல்லி ஓடிய மாதிரி கையெழுத்து'. ஒருவனுக்கு, 'நவீனைப் பார்த்து எழுதியிருக்கிறான், நவீனும் தப்பு, இரண்டு பேரையும் பார்த்தால் பாவமாக இருக்கிறது'. ஒரு பெண்ணுக்கு, 'மூளை இருக்கிறது, காலையில் சாப்பிடாமல் வருகிறாள், விசாரிக்க வேண்டும்'.

மறுநாள் விஷயம் வெடித்தது. குறிப்புகளை எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று நான்தான் போய்ச் சொன்னேன். மேடத்தின் முகம் வெளிறிப்போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குள் வாசலில் ஒரு கூட்டம். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். வந்திருந்தது, குறிப்பு கிடைக்காத பையன்கள். அவர்களில் ஒருவன் கிட்டத்தட்ட அழுகிற நிலையில் இருந்தான்.

"எல்லாருக்கும் திட்டி எழுதியிருக்கீங்க மேடம். எனக்கு மட்டும் காலியா வுட்டுட்டீங்க."

மேடம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "உன்னப் பாத்தா எனக்குக் கோவமே வரலப்பா. நான் இன்னா எழுதுறது?"

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான். அடுத்த டெஸ்டில் சிரமப்பட்டு ஒரு திட்டு வாங்கினான் என்பது வேறு விஷயம். பிரின்சிபாலுக்குச் செய்தி போய், 'குறிப்புகள் நாகரிகமாக இருக்க வேண்டும், நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட் என்று எழுதினால் போதும்' என்று உத்தரவு வந்தது. மேடம் கட்டுப்பட்டார். அடுத்த முறை நவீனைப் பார்த்து எழுதியவனுக்கு வந்த குறிப்பு: 'கணக்கு நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட். கையெழுத்து நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட். நண்பனும் நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட்.'

குறிப்புகளோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. பத்தி சேர்க்கலாம் என்பதும் அவர் காதில் விழுந்திருந்தது என்று சொன்னேன் அல்லவா?

இரண்டு டெஸ்ட் பத்திகளுக்கு அடுத்து மேடம் தனக்கென்று மூன்றாவதாக ஒரு பத்தி திறந்தார். தலைப்பு 'ஜி.ஓ.'. யார் யாரை எதற்காக வெளியே அனுப்பினோம் என்பதற்கான சொந்தக் கணக்கு. குற்றத்துக்குத் தகுந்த எடை. தாமதத்துக்குக் கொஞ்சம், போனுக்கு அதைவிட அதிகம், கணக்கு வகுப்பில் உட்கார்ந்து கெமிஸ்ட்ரி ரெக்கார்டு எழுதினால் அள்ளிக் கொடுப்பார். பத்தி திறந்தால் அதற்கு மொத்தம் நூறு என்று கம்ப்யூட்டர் தானாகவே வைத்துக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை. டெஸ்டுகள் ஒவ்வொன்றும் இருபத்தைந்துக்குத்தான்.

ஜி.ஓ. என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கோஆர்டினேட்டர் அதை 'ஜெனரல் அப்சர்வேஷன்' என்று எடுத்துக்கொண்டார். பிரின்சிபாலோ 'குரூப் ஓரல்' என்று முடிவுசெய்து, ஸ்டாஃப் மீட்டிங்கில் எல்லோர் முன்னிலையிலும், புதிய மதிப்பீட்டு முறைகளைக் கையாள்வதில் கணக்கு மேடத்தைப் பின்பற்ற வேண்டும் என்று பாராட்டினார். மேடம் எழுந்து நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்து, எதுக்குப்பா பாராட்டினாரு என்று என்னிடம் கேட்டார்.

உண்மையைக் கண்டுபிடித்தவன் முனிராஜு. கடைசி பெஞ்ச். அப்பா பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். பையன் நல்லவன். கணக்குக்கும் அவனுக்கும் மட்டும் ஜென்மப் பகை. ஒரு நாள் பிரவுசிங் சென்டரில் மார்க்கைப் பார்த்தவனுக்குத் தலை சுற்றியது. முந்தின நாள் போன் அடித்து வெளியே போயிருந்தான். மொத்தம் ஏறியிருந்தது. மறுநாள் சோதனைக்காகத் தாமதமாக வந்தான். மறுபடி ஏறியது. அன்றைக்கே வகுப்பு முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

அதன்பிறகு அந்த வகுப்பில் நடந்ததை மேடம் என்னிடம் வந்து புலம்பியது நன்றாக நினைவிருக்கிறது. நல்ல நல்ல பிள்ளைகளெல்லாம் திடீரென்று கெட்டுப்போய்விட்டார்கள், முதல் பெஞ்சில் போன் அடிக்கிறது, இந்த பேட்ச்சுக்கு ஏதோ காத்துக் கருப்பு பட்டிருக்கிறது என்றார். வராந்தாவில் நிற்க இடம் போதவில்லை. வெளியே அனுப்பப்பட்டவர்கள் முகத்தில் ஒரு திருப்தி தெரிகிறதே, அதுதான் அவருக்கு விளங்கவில்லை.

ஒரே ஒருத்தி மட்டும் வெளியே வரவில்லை. அமுதா. காலையில் சாப்பிடாமல் வருகிறாள் என்று மேடம் எழுதினாரே, அந்தப் பெண். அவளும் நீலசந்திராதான். அம்மா நாலு வீட்டில் வேலை செய்து படிக்க வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு டெஸ்டிலும் முதல் மார்க். விஷயத்தை முனிராஜுவே அவளிடம் சொல்லியிருக்கிறான். அவளும் முயற்சி செய்யாமலில்லை. வேண்டுமென்றே ஒரு நாள் தாமதமாக வந்தாள். அன்றைக்கென்று மேடம் வந்த பஸ் மேம்பாலத் தூணுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு, மேடம் அவளுக்கும் பின்னால் வந்தார். போன் அடிக்க வைக்கலாமென்றால் அவளிடம் போன் கிடையாது. கடைசியில் துணிந்து பக்கத்திலிருந்தவளிடம் சத்தமாகப் பேசினாள். மேடம் எழுதுவதை நிறுத்தித் திரும்பிப் பார்த்து, அமுதாவுக்கே சந்தேகம் என்றால் மற்றவர்களுக்கு என்ன புரிந்திருக்கும் என்று, அந்தத் தேற்றத்தை முதலிலிருந்து மறுபடி நடத்தினார். வகுப்பே அவளைச் சபித்தது.

செமஸ்டர் முடிவில் கோஆர்டினேட்டர் மார்க்கைப் பூட்டும் நாள் வந்தது. பூட்டுவதற்கு முன் காலியாகக் கிடந்த எல்லாக் கட்டத்திலும் ஒரே அமுக்கில் பூஜ்யத்தை நிரப்பினார். விதி அப்படி. பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டது. யூனிவர்சிட்டிக்கும் போய்விட்டது.

கணக்கில் முதல் இடம் முனிராஜு. கடைசி இடம் அமுதா. அதுவும் சும்மா கடைசி இல்லை. இன்டர்னலில் ஒரு குறிப்பிட்ட மார்க்குக்குக் கீழே போனால் ஹால் டிக்கெட் கிடையாது, தேர்வே எழுத முடியாது, ஒரு வருஷம் போய்விடும். அவள் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே இருந்தாள்.

அமுதா ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. மேடம் அவளை உள்ளே இழுத்து உட்கார வைத்துவிட்டு, என்னைக் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னார். நான் திறந்து பார்த்தேன். மூன்று பத்தியையும் சேர்த்துக் கூட்டி, அதை நூற்றுக்குச் சுருக்கியிருந்தது. அமுதாவின் பெயருக்கு நேரே ஜி.ஓ.வில் ஒரு பூஜ்யம்.

"மேடம், ஜி.ஓ.ன்னா என்ன?"

"கெட் அவுட்டுப்பா. அது என் சொந்தக் கணக்கு."

"அதையும் மார்க்குன்னு கூட்டிடுச்சு மேடம்."

மேடம் திரையின் மேல் விரலால் தட்டினார். "நான் கூட்டச் சொல்லலியே. பக்கத்துல இருந்தா கூட்டிக்குமா? இது கம்ப்யூட்டரா, சின்னக் கொழந்தையா?"

அப்புறம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினார். நானும் அமுதாவும் பின்னால் போனோம். தப்பு முழுக்கத் தன்னுடையது என்று பிரின்சிபாலிடம் நேராகவே சொன்னார். பிரின்சிபால் மைசூர்க்காரர், சாது. அன்றைக்கு அவர் கவலை வேறு. ஜி.ஓ. என்றால் குரூப் ஓரல் இல்லை என்று தெரிந்ததுமே அவருக்கு வியர்த்துவிட்டது. மீட்டிங்கில் பாராட்டியது மட்டுமல்ல, பிறகு கல்லூரியைச் சோதிக்க வந்த ஒரு குழுவிடமும் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பூட்டியது பூட்டியதுதான், இப்போது திருத்தம் என்று யூனிவர்சிட்டிக்கு எழுதினால் கல்லூரியின் மானம் போய்விடும், அந்தப் பெண் அடுத்த வருஷம் எழுதட்டும் என்றார்.

அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு முனிராஜு உள்ளே வந்தான். மூச்சு வாங்கியது.

"சார், என் மார்க்கு பொய் சார். எனக்கு இன்டெக்ரேஷனே வராது. என்னுத எடுத்துட்டு அவளுத சரி பண்ணிடுங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "எங்கப்பாகிட்ட மட்டும் இப்ப சொல்லாதீங்க சார். கம்பெனி பூரா சாக்லேட் குடுத்துட்டாரு."

மார்க் குறைக்கச் சொல்லி ஒரு மாணவன் வந்து நிற்பதை அந்தப் பிரின்சிபால் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஜி.ஓ.வை எடுத்துவிட்டால் அவனும் கோட்டுக்குக் கீழே போய்விடுவான், அவனுக்கும் ஹால் டிக்கெட் போய்விடும் என்பதை நான் மெதுவாகச் சொன்னேன். தெரியும் சார் என்றான். பிரின்சிபால் அவனைப் பார்த்தார், அமுதாவைப் பார்த்தார், ஆனாலும் விதி என்று மறுபடி ஆரம்பித்தார்.

மேடத்தின் கை நீண்டது. கதவைக் காட்டியது.

"சார், ஸொல்ப வெளிய போய் நின்னு யோசிச்சுட்டு வாங்க."

ஸொல்ப என்றால் கன்னடத்தில் கொஞ்சம். மற்றபடி பழக்க தோஷத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் அந்தக் குரலில் வந்தது. நான் பொய் சொல்லவில்லை வாசகர்களே, பிரின்சிபால் எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்துகொண்டு தன் அறையைவிட்டு வெளியே போய் வராந்தாவில் நின்றார். வெளியே போனபிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். ஆனாலும் உடனே திரும்பி வரவில்லை. அந்த வழியாகப் போன இரண்டு பையன்கள் வணக்கம் சொல்லிவிட்டு, மரியாதையாக அவருக்குப் பக்கத்தில் இடம் விட்டு நடந்தார்கள்.

உள்ளே மேடத்துக்கே தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் விளங்கியது. "ஐயோ இங்கிலீஷு, வேல போச்சா?" என்று என்னிடம் கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்து நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும்.

பிரின்சிபால் திரும்பி வந்தார். உட்கார்ந்தார். எல்லோரையும் உட்காரச் சொன்னார். திருத்தம் கேட்டு அவரே எழுதுவதாகச் சொன்னார். தவறு தன் பத்தியால் நேர்ந்தது என்று மேடம் கையெழுத்துப் போட வேண்டும், அதோடு மேடத்துக்கு ஒரு மெமோவும் உண்டு. கோட்டுக்குக் கீழே போகிறவர்களுக்கு விதிப்படி ஒரு இம்ப்ரூவ்மென்ட் டெஸ்ட் வைக்கலாம், அதில் முனிராஜு தப்பித்தால் தப்பிக்கட்டும். மேடம் டெஸ்ட் என்றைக்கு என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து காலேஜ் பஸ்ஸில் மேடத்துக்குப் பக்கத்து சீட் முனிராஜுவுடையது. ஹோசூர் ரோட்டு டிராஃபிக்கைத் திட்டாத ஆளே கிடையாது. மேடம் மட்டும் அந்த நாட்களில் அதை வாழ்த்தினார். பஸ் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகர்வதற்குள் அவன் ஒரு கணக்கை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் என்ன, பஸ்ஸிலிருந்து வெளியே அனுப்பவா முடியும்? அதுதான் அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. பல தடவை வாய்வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வார். பின் சீட்டிலிருந்து அமுதா எட்டிப்பார்த்து, எந்த வரியில் தப்பு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுப்பாள். டிரைவர்கூட, இந்தக் கணக்கு முடியட்டும் என்று ஒரு சிக்னலில் வண்டியை எடுக்காமல் நின்று, பின்னாலிருந்த லாரிக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவன் தேறினான். பிரமாதமாக ஒன்றுமில்லை, கோட்டைத் தொட்டுத் தாண்டினான். யூனிவர்சிட்டியும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. ஹால் டிக்கெட் கொடுத்த அன்று இரண்டு பேரும் வந்து மேடத்திடம் காட்டினார்கள். மேடம் இரண்டையும் வாங்கி, பெயர் சரியாக இருக்கிறதா, போட்டோ ஒட்டியிருக்கிறதா என்று அதட்டி விசாரித்து அனுப்பிவிட்டு, குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். கண்ணில் சாக்பீஸ் தூள் விழுந்துவிட்டது என்றார். அன்றைக்கு அவருக்கு வகுப்பே கிடையாது.

முனிராஜுவின் அப்பாவுக்கு விஷயத்தை மேடமே போய்ச் சொன்னார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். என்ன சொன்னாரோ தெரியாது. அந்த மனிதர் மறுபடியும் ஒரு சாக்லேட் டப்பாவோடு கல்லூரிக்கு வந்தார். பையன் உண்மையிலேயே பாஸ் பண்ணியதற்காம்.

சில வருஷங்களில் நான் வேறு கல்லூரிக்கு மாறிவிட்டேன். மேடமும் ஓய்வு பெற்றார். ஒரு மார்கழி மாசத்தில், அவரேகாய் என்று அங்கே சொல்லும் மொச்சைக்காய் சீசன், மடிவாளா மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். ஒரு குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, காயை முகர்ந்து முகர்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவெல்லாம் இல்லை. "இன்னாப்பா, இப்பிடி இளைச்சுட்ட? ஊட்டுல சோறு போடுறாங்களா இல்லியா?" என்று மார்க்கெட்டுக்கே கேட்கும்படி விசாரித்தார். நான் பதில் சொல்வதற்குள் அவர் பொறுக்கி வைத்ததில் பாதியை அள்ளி என் பையில் போட்டார். நல்ல வாசனையுள்ள காய், இதை வீணாக்காதே என்று உத்தரவிட்டுவிட்டு, மறுபடி குவியலின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அவரேகாய் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே தொடமாட்டேன். அன்று ராத்திரி வீட்டில் அதைச் சாம்பார் வைத்தார்கள். நான் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.